உஷார்! ‘பத்தாவது போதும்’ என்று கூப்பிடும் டெக் சப்போர்ட் வேலை

ராணிப்பேட்டை முத்துக்கடை பஸ் நிறுத்தத்துச் சுவரில் போன மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. “டெக்னிக்கல் சப்போர்ட் டிரெய்னி தேவை. பத்தாவது போதும். அனுபவம் தேவையில்லை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம். வெளிநாட்டு வாய்ப்பு உண்டு.” கீழே ஒரு செல் நம்பர். கம்பெனிப் பெயர் இல்லை, முகவரி இல்லை. காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற பெண்கள் அதை போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர்களில் ஒருத்தி ஷூ கம்பெனியில் என் லைனிலேயே மெஷின் ஓட்டியவள். “இன்னாக்கா, நீங்க பாக்குற வேலைதானே இது?” என்று கேட்டாள்.

அவளை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலை நம்பி உலை வைக்கும் எந்த ஊரில் இருந்து படித்தாலும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். தொழில் மாறக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். ஒன்பது வருடம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் அப்பர் செக்‌ஷனில் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் ஹெல்ப்டெஸ்க் பயிற்சிக்குப் போனவள் நான். இன்று அந்த வேலையில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் சரியான கதவுக்குப் போவதற்கு முன்னால் தவறான கதவு ஒன்றுக்குள் போய் வந்தேன். அங்கே இன்னும் பத்து நாள் இருந்திருந்தால் போலீஸ் வண்டியில் ஏறியிருப்பேன்.

காலமும் ஏமாற்றுகிறவர்களுக்குச் சாதகமாக இருக்கிறது. கொரோனாவில் விழுந்த அடியிலிருந்து முழுதாக எழுவதற்குள், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை நம்பிய ஷூ கம்பெனிகள் ஆடிப்போயின. ஆர்டர் குறைந்தால் நம் வீட்டுக்கு அது எப்படி வந்து சேரும் என்பது இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். முதலில் ஓவர்டைம் போகும். பிறகு வாரத்துக்கு நாலு நாள் வேலை. பிறகு “சொல்லி அனுப்புறோம்மா.” சம்பளம் ஆட்டம் காணும் அந்த வாரத்தில்தான் ஏஜென்ட் வந்து நிற்கிறான். கம்ப்யூட்டர் வேலை, ஏ.சி. அறை, கெமிக்கல் நாற்றம் இல்லை, நின்று கால் வீங்க வேண்டாம் என்கிறான். எந்த வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நான் போய் விழுந்த இடம் சென்னையில், ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி. ரிஜிஸ்ட்ரேஷன் என்று பதினைந்தாயிரம் வாங்கினார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டை “வெரிஃபிகேஷனுக்கு” என்று வாங்கி பீரோவில் பூட்டினார்கள். முதல் இரண்டு நாள் விண்டோஸ், பிரிண்டர் என்று ஒப்புக்கு ஏதோ சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது நாள் கையில் இரண்டு பக்கத் தாளைத் தந்து, மனப்பாடம் செய் என்றார்கள். முதல் வரியிலேயே என் பெயர் ‘நான்சி’ என்று இருந்தது. நான் உலகமே அறிந்த ஒரு பெரிய கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேனாம்.

அந்தத் தாளில் இருந்த வித்தையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாததுதான் நம் கழுத்தில் விழும் கயிறு.

எதிர்முனையில் இருக்கும் ஆளிடம் எனிடெஸ்க் போன்ற ஒரு மென்பொருளை இறக்கச் சொல்ல வேண்டும். இருக்கிற இடத்திலிருந்தே இன்னொருவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவும் இயக்கவும் உதவுகிற மென்பொருள் அது. நேர்மையான சப்போர்ட் வேலையிலும் தினமும் பயன்படுவதுதான். உள்ளே போனதும் விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியைத் திறக்க வேண்டும். கம்ப்யூட்டர் தனக்குள் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் நாட்குறிப்பு அது. நல்ல ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அங்கே சிவப்பு வட்டங்களும் மஞ்சள் முக்கோணங்களும் வரிசையாக இருக்கும். ஏதோ ஒரு சேவை இரண்டு விநாடி தாமதமாகத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். அதைக் காட்டி “இத்தனையும் வைரஸ்” என்று சொல்ல வேண்டும். பிறகு கறுப்புத் திரையில் ‘நெட்ஸ்டாட்’ என்று ஒரு கட்டளை. இணையத்தில் எந்தெந்த முகவரியோடு கம்ப்யூட்டர் பேசுகிறது என்ற பட்டியல் வரும். அதில் ‘ஃபாரின் அட்ரஸ்’ என்று தலைப்புப் போட்டிருக்கும். மறுமுனை என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. “பாருங்கள், வெளிநாட்டுக்காரன் உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டான்” என்று பயமுறுத்த வேண்டும். அதன் பிறகு பணம்.

“சார், இது எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் வருமா?” என்று கேட்டேன். “எல்லாத்துலயும் வரும். நீ சொல்ற விதத்துலதான் இருக்கு” என்றார் டீம் லீடர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஐந்தாவது நாள் பக்கத்து நாற்காலிப் பையன் பேசிக்கொண்டிருந்ததை ஹெட்செட் மாட்டிக் கேட்கச் சொன்னார்கள். மறுமுனையில் ஒரு கிழவி. கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது, பாஸ்வேர்டு எல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்று மூச்சு வாங்கச் சொன்னார். பையன் தாளைப் பார்த்து அடுத்த வரியைப் படித்தான். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போவதுபோல் கிளம்பி, கோயம்பேட்டில் பஸ் ஏறிவிட்டேன். பதினைந்தாயிரம் போனது போனதுதான். மார்க் ஷீட்டை மீட்க நாலு மாதம் அலைந்தேன். இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அந்த அம்மாவின் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் 2024இல் வந்த புகார்களில், டெக் சப்போர்ட் மோசடியில் மட்டும் மக்கள் இழந்த தொகை 146 கோடி டாலர். முந்தைய ஆண்டு அது 92 கோடி. இழந்த தொகையில் பெரும்பங்கு 60 வயதைத் தாண்டியவர்களுடையது. நம் பாட்டி, தாத்தா வயது. அந்தப் பணத்தில் ஒரு துளிதான் ‘டிரெய்னி’ சம்பளமாகக் கைக்கு வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

“அவங்க சொன்னதைத்தானே செய்தேன், நான் வெறும் டிரெய்னி” என்று போலீஸிடம் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு வேண்டவே வேண்டாம். 2016 அக்டோபரில் மும்பையை ஒட்டிய தானே மாவட்டத்து மீரா ரோட்டில், அமெரிக்க வரித்துறை அதிகாரிகள்போல் பேசி மிரட்டிப் பணம் பறித்த கால் சென்டர்களைப் போலீஸ் சுற்றி வளைத்தது. ஒரே இரவில் 700 பேருக்கு மேல் பிடித்து விசாரித்தார்கள். முதல் சுற்றிலேயே சுமார் 70 பேர் கைது. பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகாரையும் சேர்த்து, ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் சி.பி.ஐ. நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. போனில் பொய்ப் பெயர் சொல்லிப் பேசிய குரல் யாருடையதோ, அவர்தான் முதலில் மாட்டுவார். பீரோவில் மார்க் ஷீட்டைப் பூட்டியவன் வேறு மாடி பார்த்துப் போயிருப்பான்.

தொழில் மாறி வருகிறவர்களைத்தான் இந்த மோசடிக்காரர்கள் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு ஈவென்ட் வியூவர் பொய் முதல் நாளே விளங்கிவிடும், நமக்கு விளங்காது. லைனில் சூப்பர்வைசர் சொன்னதை எதிர்க்கேள்வி கேட்காமல் செய்து பழகியிருக்கிறோம். மணிக்கு இத்தனை ஜோடி என்ற டார்கெட்டும் நமக்குப் புதிதில்லை. எல்லாவற்றையும்விட, “கம்ப்யூட்டர் வேலைக்குப் போறா” என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. திரும்பி வரக் கூச்சம். என்னை அங்கே ஐந்து நாள் உட்காரவைத்தது அந்தக் கூச்சம்தான்.

இதுவரை சொன்னது நம் ஊருக்குள் இருக்கும் பள்ளம். நோட்டீஸில் “வெளிநாட்டு வாய்ப்பு” என்று ஒரு வரி இருந்தது அல்லவா, அது கிணறு.

2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். சுமார் 50 தமிழர்கள் உட்பட ஏறத்தாழ 300 இந்தியர்கள் மியான்மரில் சிக்கியிருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்ப வேலை என்று தனியார் ஏஜென்டுகள் மூலம் தாய்லாந்துக்குப் போனவர்களை அங்கிருந்து மியான்மருக்குக் கடத்தி, சட்டவிரோத ஆன்லைன் வேலை செய்யச் சொல்லிக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்பது கடிதத்தின் சாரம். அதே மாதம் வெளியுறவு அமைச்சகமும் எச்சரிக்கை விட்டது. அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.

ஏஜென்டுகள் கூட்டிப்போகும் வழி இதுதான். முதலில் பாங்காக்கில் இறக்குவார்கள். அங்கிருந்து காரில் சுமார் 500 கிலோமீட்டர், மே சோட் என்ற எல்லை ஊர் வரை. பிறகு மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. போனவர் பாஸ்போர்ட் அவர் கையில் இருக்காது. சுற்றிலும் துப்பாக்கி வைத்த காவல். காதல் பேச்சுப் பேசியும் கிரிப்டோ ஆசை காட்டியும் ஊர் உலகத்தை ஏமாற்றுவதுதான் வேலை. டார்கெட் முடிக்காவிட்டால் அடி, மின்சார ஷாக். வெளியே விட வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஒரு லட்சம் பேர் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களை அனுப்பி இரண்டே நாளில் 549 இந்தியர்களை அழைத்து வந்தார்கள் என்றால், எத்தனை பேர் போயிருப்பார்கள் பாருங்கள்.

இன்னொரு கணக்கு என் தூக்கத்தைக் கெடுத்தது. 2022 ஜனவரி முதல் 2024 மே வரை சுற்றுலா விசாவில் கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், வியட்நாம் நாடுகளுக்குப் போய்த் திரும்பி வராத இந்தியர்கள் 29,466 பேர் என்று மத்திய அரசின் குடிவரவுத் துறைத் தரவு சொன்னது. அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 3,124 பேர். பஞ்சாப், மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்கு. எல்லாரும் கடத்தப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 3,124 வீட்டில் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

2023 நவம்பரில் இந்தியர்கள் விசா இல்லாமலே தாய்லாந்துக்குள் போக அனுமதி வந்தது. ஏஜென்டுக்கு இது பெரிய வசதி. “விசாவே தேவையில்லைம்மா, டிக்கெட் நாங்க போடுறோம்” என்பான். விசா இல்லாமல் போவது ஊர் சுற்றிப் பார்க்க மட்டும். வேலை செய்ய வேலைக்கான விசாவும் அனுமதியும் தனியாக வேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ என்ற அரசு இணையதளத்தில் அவன் பெயர் இருக்கிறதா என்று பத்தாவது படிக்கும் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. இலவசமாக அனுப்புகிறேன் என்பவனுக்குத்தான் நான் இன்னும் அதிகம் பயப்படுவேன். அவனுக்கு வேறு யாரோ உங்களுக்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

இனி வீட்டுக் கணக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. ஷூ கம்பெனியை விட்டதும் முதல் காரியமாக பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்து ஏஜென்ட் கையில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்பே எடுத்தால் வரி வேறு. பத்து வருடச் சேவை இருந்தால்தான் மாதப் பென்ஷன். எட்டு, ஒன்பது வருடத்தில் பென்ஷன் பணத்தையும் கையோடு வாங்கிவிட்டால் அத்தனை வருடமும் கரைந்துவிடும். அதற்குப் பதில் ‘ஸ்கீம் சர்டிஃபிகேட்’ கேட்டு வாங்கி வையுங்கள். நாளை வேறு கம்பெனியில் சேர்ந்தால் பழைய வருடங்கள் கூடவே வரும்.

ஈ.எஸ்.ஐ. அட்டையையும் மறந்துவிடாதீர்கள். கீழே சொல்லப்போகும் அப்ரண்டிஸ் சட்டத்தில் பதிவான பயிற்சியாளருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரையும் பிள்ளைக்கு வைத்தியமும் அந்த அட்டையில்தான் ஓடுகிறது என்றால் இது விளையாட்டில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடித்த சந்தாவுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை பிடித்ததற்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரையும் பலன் உண்டு. ராஜினாமாத் தேதியை எழுதும் முன் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒரு நடை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது செல்லாமல் போன அட்டையை நீட்டி நின்றேன்.

உண்மையான பயிற்சி எப்படி இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பயந்துபோய் நல்ல கதவையும் சாத்திவிடுவீர்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி நிறுவனத்துக்கும் பயிற்சியாளருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ என்ற மத்திய அரசு இணையதளத்தில் அது பதிவாகும். பதிவு எண் நமக்கும் தெரியும். மாதாமாதம் அவர்கள்தான் நமக்கு உதவித்தொகை தர வேண்டும். 2019இல் திருத்திய விதிகள் வைத்த குறைந்தபட்சம் பத்தாவதுக்கு 6,000, பன்னிரண்டாவதுக்கு 7,000, டிப்ளமாவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 ரூபாய். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் 1,500 ரூபாய் வரை அரசின் பங்கு நேராக நம் வங்கிக் கணக்குக்கு வரும். மெஷினில் வாங்கியதைவிட இது குறைவாக இருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய இல்லை. ஓராண்டுக் குடும்பச் செலவுக்கு வழி பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

வேலை எப்படி இருக்கும்? போன் நமக்கு வரும். நாம் யாருக்கும் போட்டு “உன் கம்ப்யூட்டரில் வைரஸ்” என்று சொல்ல மாட்டோம். கூப்பிடுகிறவர் பாஸ்வேர்டு மறந்த ஒரு கணக்காளர், பிரிண்டர் ஓடாத ஒரு கிளார்க். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு டிக்கெட் எண் விழும். நமக்குத் தெரியாததை மேலே இருக்கிறவருக்குத் தள்ளிவிடலாம். அதற்கு யாரும் திட்டுவதில்லை. பணம் என்ற பேச்சே அந்த போனில் வராது. ஆறு மாதம் பாஸ்வேர்டு ரீசெட்டும் பிரிண்டரும் அலுக்க அலுக்கச் செய்தேன். தையலில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண்டுபிடித்த கண், லாக் ஃபைலில் ஒரு தப்பு எழுத்தைப் பிடிக்க உதவியது. நம் கை அனுபவம் வீண் போகாது.

ஆகவே சேரும் முதல் வாரத்தில் இதைப் பாருங்கள்: போன் யார் யாருக்குப் போடுகிறார்கள், பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, உங்கள் சொந்தப் பெயரில் பேசச் சொல்கிறார்களா, பிரபல கம்பெனி பெயரைச் சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்களா. ஒரிஜினல் சான்றிதழைத் தராதீர்கள். காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். “சம்பள அக்கவுன்ட் நாங்களே திறக்கிறோம், ஏ.டி.எம். கார்டும் சிம்மும் ஆபீஸில் இருக்கட்டும்” என்றால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். ஏமாற்றிய பணத்தைப் புரட்ட உங்கள் பெயரில் கணக்குத் தேடுகிறார்கள். ஒரு நாள் அந்தக் கணக்கை முடக்கிவிட்டு எங்கோ வடநாட்டுப் போலீஸ் உங்கள் வீட்டு முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பும்.

ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்களா? கொடுத்த தாளையும், வாட்ஸ்அப் பேச்சையும், பணம் போட்ட ரசீதையும் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பிறகு வெளியே வந்து சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகப் போய்ச் சொன்னீர்கள் என்பது பிறகு உங்களுக்குப் பெரிய துணை. வெளிநாட்டில் பிள்ளை மாட்டியிருந்தால் ஏஜென்டுக்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டே போகாதீர்கள். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் அன்றே எழுதுங்கள். அவன் கடைசியாக அனுப்பிய லொகேஷன், பாஸ்போர்ட் நகல், ஏஜென்டின் நம்பர், மூன்றும் கையில் இருக்கட்டும்.

முத்துக்கடையில் அந்தப் பெண் போனை எடுத்து, பிடித்த படத்தை அழிக்கப் போனாள். அழிக்காதே கண்ணு, நம்பர் வேண்டும் என்றேன். அவளும் நானும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் சுவரில் இருந்த தாளைச் சுரண்டி எடுத்தோம். நாலு நாள் கழித்து ஆற்காடு பஸ் ஸ்டாண்டில், டிக்கெட் கவுன்டர் பக்கத்துத் தூணில் அதே நோட்டீஸைப் பார்த்தேன். எழுத்து அதே எழுத்து. நம்பர் மட்டும் வேறு.